வர்ற வாரேனும் போற வாரேனும்

ஒருவர் 'வாரேன்' என்று சொன்னால் அவர் வருகிறாரா, போகிறாரா?

கோயமுத்தூரிலேயே பிறந்து, படித்து, வாழ்க்கைப்பட்ட எனக்கு இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை தெரியாது. எங்கள் பக்கம் 'போறேன்' என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். வருகிறவரும் 'வாரேன்', கிளம்புகிறவரும் 'வாரேன்', போனை வைக்கிறவரும் 'வாரேன்'. இவ்வளவு பேர் 'வாரேன்' சொல்லும் ஊரில், ஒரு நாள் என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருவரும் வரவில்லை.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினி நிரல்களில் உள்ள பிழைகளை ('பக்', அதாவது பூச்சி, என்போம்) கண்டுபிடிக்கும் டீபக்கர் என்னும் மென்பொருளை எங்கள் கம்பெனி தயாரிக்கிறது. அது சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. (என் மாமியார் இதை உறவினர்களிடம், "எங்க மருமக கம்ப்யூட்டர்ல பூச்சி புடிக்கறாங்க" என்று சுருக்கிவிடுவார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு மாமா, "என்ன மருந்துங் அம்மணி அடிக்கறீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.)

எங்கள் டீபக்கரின் தனித்திறமை, ரேஸ் கண்டிஷன் என்ற பிழையைப் பிடிப்பது. ஒரே நிரலுக்குள் இரண்டு மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். அவற்றுக்கு த்ரெட் என்று பெயர். இரண்டு த்ரெட்டுகள் ஒரே விஷயத்தில் ஒரே நேரத்தில் கை வைத்தால் குழப்பம். இந்தப் பிழைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது. பார்க்காத நேரமாகப் பார்த்து வரும்.

எங்கள் வீடும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டு நான் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "போய்ட்டு வா கண்ணு, நான் வேண்டாங்கல. ஆனா பாப்பா ஒரு நாள் ஸ்கூல்ல ஆளில்லாம நின்னுச்சுன்னா, இந்த வேலை நமக்கு வேண்டாம். செரியா?"

சரி என்றேன். அதனால் தினமும் மதியம் கணவருக்கு ஒரு போன், அத்தைக்கு ஒரு போன், சந்தேகத்துக்குக் கணவருக்கு மறுபடி ஒரு போன். "நீ பாப்பாவுக்கு அம்மாவா, எங்களுக்கு சூப்பர்வைசரா?" என்பார் கணவர். அவர் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் நிஜமாகவே சூப்பர்வைசர். அதனால் அந்தச் சொல்லை வசவாகத்தான் பயன்படுத்துவார்.

இந்த நிலையில் பெங்களூர் வாடிக்கையாளர்களுக்கு டீபக்கரை இயக்கிக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. மேனேஜர் ஸ்டீபன் சார் மிகுந்த நம்பிக்கையோடு, "உங்களால முடியும்தானுங்க? இல்லீன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளு ரெடியாத்தான் இருக்கு" என்று ஊக்கப்படுத்தினார்.

நான் ஓர் உதாரண நிரல் எழுதினேன். அதில் பாப்பாவின் அப்பா ஒரு த்ரெட், அத்தை ஒரு த்ரெட். இருவரும் ஒரே நேரத்தில் 'குழந்தையைக் கூட்டி வந்தாச்சா?' என்று பார்க்கிறார்கள். 'இல்லை' என்று இருக்கிறது. இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு குழந்தையைக் கூட்டிவர இரண்டு பேர். டீபக்கர் இதைப் பாய்ந்து பிடித்துச் சிவப்பில் எச்சரிக்கை காட்டியது. ஒவ்வொரு முறையும் காட்டியது.

அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆனால் நான் யார்? கேஸை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவள். டெமோ அன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று, நிரலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 'அப்பா இங்கே வந்தார்', 'அத்தை இங்கே வந்தார்' என்று திரையில் எழுதும் கட்டளைகளைச் செருகினேன். எல்லாம் என் கண்பார்வையில் நடக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

அன்று மட்டும் யாருக்கும் போன் செய்வதில்லை என்றும் முடிவெடுத்தேன். தொழில்முறையாக நடந்துகொள்ளும் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் மதியம் அவர்களே கூப்பிட்டார்கள்.

கணவர்: "டெமோ நல்லாப் பண்ணு. பாப்பா விஷயமா அம்மாகிட்டப் பேசிட்டேன். செரி, வாரேன்."

அத்தை: "அவன்கிட்டப் பேசிட்டேன் கண்ணு. நீ தைரியமா இரு. செரி, நான் வாரேன்."

இரண்டு பேரும் வருகிறார்கள் என்று என் மனம் குளிர்ந்துபோனது.

டெமோ தொடங்கியது. வீடியோ அழைப்பின் மறுமுனையில் நாலைந்து முகங்கள். நடுவில் காயத்ரி என்ற மூத்த அதிகாரி, சிரிக்காத முகம். "இப்போது எங்கள் டீபக்கர் இந்த ரேஸ் கண்டிஷனைப் பிடிப்பதைப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் முழங்கிவிட்டு பட்டனை அழுத்தினேன்.

'பிழை எதுவும் இல்லை' என்று வந்தது. பச்சை நிறத்தில்.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் பச்சை. ஸ்டீபன் சாரின் முகத்தில் அந்த வேறு ஆளின் சாயல் தெரிய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து என் போன் மேஜையில் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. பள்ளியிலிருந்து.

சத்தம் வெளியே போகாமலிருக்க மைக் பட்டனை அழுத்தினேன். அழுத்தினேனா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை அழுத்தினேன். (இரண்டு முறை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு டெஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

"மேடம், எல்லாக் குழந்தையும் போயிருச்சுங்க. உங்க பாப்பாவுக்கு யாரும் வரலீங்களே" என்றார் மிஸ்.

கணவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க?"

"மதுக்கரைல. ஒரு பம்பு ரிப்பேரு. ஏன்?"

"வாரேன்னு சொன்னீங்களே?"

"அது போனை வெக்கறதுக்குச் சொன்னது. அம்மா வாரேன்னுச்சே, கூட்டியாந்திருக்கும்."

அத்தையைக் கூப்பிட்டேன். பின்னணியில் நாதஸ்வரம். ஏதோ சீர் நடக்கும் விசேஷ வீடு.

"அவன்தான் கண்ணு வாரேன்னான். அதான் நான் இங்க வந்துபோட்டேன்."

"அவரு சொன்னது போற வாரேனாம் அத்தை. நீங்க சொன்னது?"

"நானும் போனை வெக்கறதுக்குத்தான் சொன்னேன்."

"அப்ப ரெண்டு பேரும் வாரேன்னு சொல்லிப்போட்டு ஒருத்தரும் வரலீங்களா?"

குழந்தை நிற்கிறது, டெமோ படுத்துவிட்டது, நாளையிலிருந்து வேலையும் இல்லை. அப்போதுதான் கணினியிலிருந்து ஒரு குரல் கேட்டது. காயத்ரியின் குரல். இரண்டாவது அழுத்தலில் மைக் மறுபடி திறந்துகொண்டிருக்கிறது. நல்ல பொள்ளாச்சித் தமிழ்.

"ஏனுங் அம்மணி, நீங்க மொதல்ல பாப்பாவப் போய்ப் பாருங்க. ரேஸ் கண்டிஷன்னா என்னன்னு எங்க பசங்களுக்கு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கறேன், ஏறவே இல்ல. இப்ப ஏறிருச்சு. டெமோவ இன்னொரு நாள் பாத்துக்கலாங்க."

ஆட்டோவில் பறந்தபோதுதான் மூளை வேலை செய்தது. திரையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மோதிக்கொள்ள வேண்டிய அப்பாவும் அத்தையும், நான் செருகிய கட்டளைகளால், ரேஷன் கடையில் நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராக நின்றிருக்கிறார்கள். பிழை எங்கிருந்து வரும்? டீபக்கர் மேல் குற்றமே இல்லை. நிரலில் நான் மூக்கை நுழைத்ததால் பிழை வரவில்லை. வீட்டில் மூக்கை நுழைக்காததால் வந்துவிட்டது.

பள்ளிக்குள் அழுதுகொண்டே ஓடினேன். மகள் மிஸ்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "அம்மா, மிஸ் எனக்கு மட்டும் முறுக்கு குடுத்தாங்க. நாளைக்கும் யாரும் வராதீங்க" என்றாள்.

அன்று மாலை அத்தை நிபந்தனைப் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் நெடுநேரம் வெங்காயம் உரித்தார். பிறகு, "அந்த நிபந்தனை கெடக்குது உடு கண்ணு. வராம உட்டது நானும் எம்பையனும். வேலைய உடறதுன்னா நாங்கதான் உடோணும்" என்றார்.

செருகியதையெல்லாம் பிடுங்கிவிட்டு நடத்திய அடுத்த டெமோவில் சிவப்பு பளிச்சென்று வந்தது. ஸ்டீபன் சார் அந்த நிரலுக்கு 'வாரேன் டெஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார். புதிதாகச் சேருகிறவர்கள் அனைவரும் அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் யார் 'வாரேன்' என்றாலும் உடனே ஒரு குரல், "வர்ற வாரேனா, போற வாரேனா?" என்று கேட்கும். பெரும்பாலும் அது என் மகளின் குரல். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களிடமும் கேட்டு மானத்தை வாங்குகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்திருப்பேன். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கணவரிடமிருந்து ஒரு செய்தி: 'வாரேன்.' அதற்குக் கீழே அத்தையின் கட்டைவிரல். பள்ளி விட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. போன் செய்து கேட்டால் கட்டாயம் யாராவது போய்விடுவார்கள். ஆனால் கேட்காமலே போவார்களா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். கேட்காமல் விட்டாலோ, மகள் முறுக்குக்காகக் காத்திருப்பாள்.

அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் போன் செய்யவா, வேண்டாமா? கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லதுங்க.