ஜெனீவாவில் அக்காவின் தையல்

முன்கோபக்காரன் மனித உரிமை வேலைக்குப் போகவே கூடாது. நான் போனேன். போனதோடு நிற்காமல், ஒரு தூதரக அதிகாரியின் ஷூவைப் பிடித்துக்கொண்டு சண்டையும் போட்டேன். என்ன அவமானம் வேண்டுமானாலும் வரட்டும், இன்றைக்கும் சொல்வேன்: அது ஆம்பூர் ஷூதான்!

எண்பதுகளின் நடுவில் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். ஜெனீவாவில் ஒரு மனித உரிமை அமைப்பு பயிற்சிக்கு மாணவர்களைக் கேட்க, பேராசிரியர் என் பெயரை அனுப்பிவிட்டார். ஆம்பூரில் நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு பஷீர் பாய் மட்டும் சந்தேகப்பட்டார்.

"அங்க போய் இன்னா பண்ணுவே?"

"மனித உரிமைக்கு வேலை செய்வேன், பாய்."

"அது அங்க ஜாஸ்தியாத்தானே கீது? கம்மியா இருக்கிறது இங்கதானே?"

(பாய் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியைக் கட்டினேன்.)

போய்ப் பார்த்தால் எனக்குக் கொடுத்தது ஜெராக்ஸ் எடுக்கும் வேலை. உலகத்தில் எங்கே அநியாயம் நடந்தாலும் நான் அதற்குப் பிரதி எடுப்பேன். வெறுத்துப்போன நேரத்தில் மேலதிகாரி மார்த்தா கூப்பிட்டார். ஒரு நாட்டின் தூதரக அதிகாரியைப் பார்க்கப் போகிறோம். அந்த நாட்டுச் சிறையில், விசாரணையே இல்லாமல் அடைபட்டிருக்கும் ஒரு பையனின் அம்மாவும் வருகிறார். மகனைப் பார்க்க அவருக்கு அனுமதி வாங்க வேண்டும். கிடைத்திருப்பது பத்தே நிமிடம்.

"நான் மட்டும்தான் பேசுவேன்," என்றார் மார்த்தா. பெற்றவளுக்கே வாயைத் திறக்க அனுமதி இல்லை (இதுதான் மனித உரிமை!). எனக்குப் பை தூக்கும் வேலை.

அதிகாரி சோபாவில் சாய்ந்திருந்தார். ஷூ கடித்ததோ என்னவோ, மார்த்தா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டார். ஷூ என் பக்கமாகச் சாய்ந்தது. ஆம்பூர்க்காரன் கண் வேறு எங்கே போகும்?

உள்ளே தங்க எழுத்தில் 'மேட் இன் இத்தாலி'. முன்பக்கத்தில் கைத்தையல். அந்தத் தையலை எனக்குத் தெரியாதா? கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை வாங்கிவந்து, எங்கள் தெருப் பெண்கள் வீட்டிலேயே இரண்டு ஊசி போட்டுத் தைப்பார்கள். என் அக்காவின் விரலெல்லாம் நூல் அறுத்த தழும்பு. அந்த விரல்தான் என்னைப் படிக்க வைத்தது. இத்தாலியாம், இத்தாலி!

"சார், இது இத்தாலி இல்லை. ஆம்பூர்!"

மார்த்தா என் காலை மிதித்தார்.

"ரோமில் நானே வாங்கியது," என்றார் அதிகாரி, முகம் சிவந்து.

"ரோமில் அடிப்பாகம் ஒட்டியிருப்பான் சார். தைத்தது எங்கள் அக்கா!"

கம்பளத்தில் மண்டியிட்டேன். ஷூவுக்குள் கையை விட்டுத் தையல் முடிச்சைக் காட்டினேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை. (அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டிலும் நான் அவ்வளவு நன்றாக வாதாடியதில்லை.) செயலாளர் வந்து, நேரமாகிவிட்டது என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சிறையிலிருக்கும் பையனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா, என் கையிலிருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டே, தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். அதிகாரி என் பக்கம் கையை நீட்டினார். ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டார். பிறகு செயலாளரைப் போகச் சொல்லிவிட்டு, மார்த்தாவிடம் மனுவைக் கேட்டு வாங்கினார்.

வெளியே வந்ததும் மார்த்தா அதை எனக்கு மொழிபெயர்த்தார். "என் மகனை வெறுங்காலோடு இழுத்துப் போனார்கள். அவன் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. அதைக் கொடுக்கவாவது விடுங்கள்."

அதோடு மார்த்தா விடவில்லை. நடுத்தெருவில் என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். இனி ஜெராக்ஸ் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. அடுத்த மாதமே அந்த அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. செருப்பை எடுத்துக்கொண்டு போய் மகனைப் பார்த்தார். அமைப்பின் பத்திரிகையில், 'எங்கள் நிதானமான அணுகுமுறைக்குக் கிடைத்த வெற்றி' என்று போட்டார்கள். நிதானமாம்! வயிறு எரிய எரிய அதற்கும் நான்தான் பிரதி எடுத்தேன்.

ஊருக்கு வந்து சொன்னபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"தையல் எங்கனா பிரிஞ்சிருந்துச்சாடா?"

"இல்லக்கா."

"அப்ப என்னுதுதான்," என்றாள்.

இப்போது ஊர்ப் பக்கமே, சத்துவாச்சாரியில் வக்கீலாக இருக்கிறேன். வீட்டுக்குக் கட்சிக்காரர் யார் வந்தாலும் என் மனைவி வாசலிலேயே எச்சரித்துவிடுகிறாள்:

"செருப்பை அவரு கண்ணுல படாம வுடுங்க. அப்புறம் உங்க கேஸை வுட்டுட்டு அதுக்கு வாதாடப் போய்டுவாரு!"