பின்சீட்டைப் பார்த்துச் சொன்ன கதை

மகளுக்கு முப்பது வயதாகும் வரை இந்த வீட்டில் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போது மாஸ்டர் முடிவெடுத்தார். எடுத்த வேகத்தில் நுரையைக் கொஞ்சம் விழுங்கியும் விட்டார்.

மாஸ்டர் என்றால் பாட்டு மாஸ்டரும் இல்லை, டான்ஸ் மாஸ்டரும் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அழுத்தி அழுத்திப் பழகியதில், வீட்டில் யாராவது வேகமாகப் பேசினால்கூட அவர் கால் தன்னால் அழுந்தும்.

முந்தின நாள் மகள், "அப்பா, நான் ஒருத்தரை..." என்று ஆரம்பித்தபோதும் அழுந்தியது. மேசைக்கடியில் சிக்கியது மனைவியின் கால்.

"யாருன்னு சொல்லாதே!" என்று அலறினார் மாஸ்டர். "பேரு தெரிஞ்சா முகத்தைப் பார்க்கணும்னு தோணும். முகத்தைப் பார்த்தா மனசு இளகிடும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

விஷயம் இதுதான். மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் மாஸ்டரின் கெத்து என்ன ஆவது? ஆகவே ஒரு திட்டம் போட்டார்.

"நமக்குக் கல்யாணம் ஆனப்போ எனக்கு என்ன வயசு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இருபத்தொண்ணு. மீசை வரலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருந்துச்சு."

"அடுத்த வருஷமே கைக்குழந்தை. பட்ட பாடு கொஞ்சமா? அத்தனையும் இன்னிக்கு அவகிட்டச் சொல்லப்போறேன். கல்யாணம்னாலே பயந்து ஓடணும். வீட்டுல சொன்னா எழுந்து போயிடுவா. கார்ல எங்க போவா? நீ மட்டும் நடுவுல வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்கல. ஆனா வண்டியை நான்தான் ஓட்டுவேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கார் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் 'அப்புறம் பார்க்கலாம்' என்றே காலம் தள்ளினார். இன்றைக்கு அவள் வாய் மூடியிருக்க வேண்டும். வேறு வழியில்லை.

"மைதானத்துக்குள்ள மட்டும்தான்."

"சரிங்க."

அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டபோதே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மைதானத்தில் கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. மாஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "முதல் கியர்லயே மெதுவா உருட்டிட்டே இரு, போதும்," என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் இருந்த மகளைப் பார்த்து முழுசாகத் திரும்பிக்கொண்டார்.

"அச்சகத்து மாடியில ஒரே ஒரு ரூம். கீழே நாள் முழுக்க மெஷின் ஓடும். அந்தச் சத்தத்துலயே நீ தூங்கிப் பழகிட்டே. அச்சகத்துக்கு லீவு விட்டா, வீறிட்டு அழுவே. நானும் உங்கம்மாவும் ஆளுக்கொரு தட்டை எடுத்து வச்சுக்கிட்டு டடக்கு டடக்குன்னு தட்டுவோம். உங்கம்மா கை ஓய்ஞ்சா மெஷின் ரிப்பேர்! நீ முழிச்சிடுவே!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. கஷ்டத்தைச் சொல்லிட்டிருக்கேன்."

"சரிப்பா. அப்புறம்?"

"உன்னைத் தடுப்பூசிக்குத் தூக்கிட்டுப் போனேன். நர்ஸம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'தம்பி, வீட்டுல பெரியவங்க இருந்தா வரச்சொல்லுப்பா'ன்னுட்டாங்க. நான்தான் அந்தப் பெரியவன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஊசி போட்டாச்சு. ஓன்னு அழுதேன்."

"ஊசி எனக்குத்தானேப்பா?"

"அதை அப்ப யாரு யோசிச்சா?"

எங்கோ ஹாரன் சத்தம். மைதானத்தில் எதற்கு ஹாரன் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் மகள் மறுபடி "அப்புறம்?" என்றாள். அவ்வளவுதான், ஹாரன் மறந்துபோயிற்று. அவளுக்கு முதல் பல் முளைத்ததை அவர் தெருவில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னது, குளிப்பாட்டத் தெரியாமல் மூன்று பேரும் சேர்ந்து நனைந்தது என்று கதை அதன் போக்கில் ஓடியது. எதற்காகச் சொல்ல ஆரம்பித்தோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

"நாங்களே சின்னப் பசங்கதானேம்மா. உன்கூடவே சேர்ந்துதான் நாங்களும் வளர்ந்தோம். அந்த ரூம்ல சிரிச்ச மாதிரி நான் அப்புறம் எங்கயும் சிரிச்சதில்ல. திரும்ப வாய்ப்பு கிடைச்சா இன்னும் ஒரு வருஷம் முன்னாடியே கல்யாணம் பண்ணிப்பேன்!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எப்படி மறைப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது கார் பின்னால் நகர்ந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே பிசகாமல் நுழைந்து நின்றது. மாஸ்டர் முன்னால் திரும்பினார். மைதானத்தைக் காணோம். யாருடைய வீடோ, பச்சை கேட். ஊரின் மறுகோடிக்கு வந்திருக்கிறார்கள். வழியில் ஒரு தடவைகூட அவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

"இப்படி ரிவர்ஸ் எடுக்க உனக்கு யாரு கத்துக்குடுத்தா?"

"மாப்பிள்ளைதான். அவரும் வேற ஒரு டிரைவிங் ஸ்கூல்ல மாஸ்டர்தான். உங்களை மாதிரி திட்டறதில்ல."

"எந்த மாப்பிள்ளை?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னீங்களே!"

"அப்ப மைதானத்துல வண்டி நின்னு நின்னு போச்சே?"

"நீங்க பின்னாடி திரும்பணுமில்ல?"

"நான் இன்னும் சம்மதிக்கலையே!"

"நாங்க ரெண்டு வீட்டுலயும் அடுத்த வருஷம்னுதான் பேசி வச்சிருந்தோம். நீங்கதான் ஒரு வருஷம் முன்னாடியே நல்லதுன்னு இப்ப சொன்னீங்க. இந்த வருஷமே முடிச்சிடலாம்," என்றபடி அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். மகளும் இறங்கி அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள். இருவரும் கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள்.

மாஸ்டர் ஆவேசமாகக் கதவைத் திறந்து பாய்ந்தார். மார்பில் ஏதோ பிடித்து இழுத்தது. மறுபடி பாய்ந்தார். மறுபடி இழுத்தது.

உள்ளேயிருந்து வந்த இளைஞன் ஒருவன் அவர் பக்கம் குனிந்து, முதல் நாள் வகுப்புக்கு வந்தவரிடம் பேசுகிற அதே பொறுமையோடு சொன்னான்:

"முதல்ல பெல்ட்டைக் கழட்டணும், மாமா."