ஆவுடைநாயகம் வீட்டு வேப்பிலை

"ஏலே, அசையாதே" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் ஆவுடைநாயகம். மூன்று வயது சைலப்பன் மூன்றாவது முறையாக அசைந்தான்.

அவனுடைய முகம், கழுத்து, மார்பு, வயிறு, முதுகு எல்லாம் சிவப்புப் புள்ளிகள். தாலுகா ஆபீசிலிருந்து நகலில் கோடு போடக் கொண்டுவந்திருந்த சிவப்பு மசியைத் தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தவள் அவன் அக்காள் உலகு. ஆறு வயது. வேலை சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட இன்னொரு புள்ளியோடு ஒட்டவில்லை.

"ஏட்டி, எதுக்கு இப்படிச் செஞ்ச?"

"சும்மா" என்றாள் உலகு.

மணி பத்து. பன்னிரண்டரை ரயிலில் காந்திமதிநாதன் அண்ணாச்சி வருகிறார். ஆவுடைநாயகத்துக்குப் பெரியப்பா மகன். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. ஆவுடைநாயகமோ ஏழு வருஷமாக ஆக்டிங் குமாஸ்தா. யாராவது லீவில் போனால் அவருக்கு நாற்காலி உண்டு. போனவர் திரும்பி வந்தால் கிடையாது. "இந்த வருஷம் உன்னை நிரந்தரம் பண்ணிப்புடுதேன்" என்று அண்ணாச்சி கடிதம் எழுதியிருந்தார். ஆனி பிறந்துவிட்டது, குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம், குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கிக் குளிக்கப் போகிறோம் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். முந்தின ஐந்து வருஷமும் இப்படியேதான் எழுதினார், சொன்னபடி வந்தும் சேர்ந்தார். தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஆனி ஆடியில் மட்டும் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சம் வராது.

ஆவுடைநாயகத்தின் மனைவி மங்களேஸ்வரி விடிந்ததும் தெருப் பெண்களோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டாள். போன வாரம் அவர் வாய் சும்மா இருக்காமல், "ரெண்டு பிள்ளையளப் பாக்கதைத் தவிர வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். "அப்ப ஒருநாள் நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள் அவள். அந்த ஒருநாள் இன்றைக்குத்தான் என்று அவர் கண்டாரா? விருந்துச் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, படியிறங்கும்போதுதான் சொன்னாள்.

ஆபீசில் விரலில் மசி பட்டால் எலுமிச்சம்பழம் தேய்ப்பது வழக்கம். ஆவுடைநாயகம் பழத்தை இரண்டாக வெட்டினார். விரலில் வேலை செய்த வித்தை வயிற்றில் வேலை செய்யவில்லை. புள்ளி போகவில்லை, அதைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்து, ஒவ்வொரு புள்ளியும் தடித்துக்கொண்டு நின்றது. மசியாகத் தெரிந்தது இப்போது வியாதியாகத் தெரிந்தது. சைலப்பன் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே சைதூன் பீவியின் தலை எழும்பியது.

"என்ன தம்பி, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, நீங்க எலுமிச்சம்பழத்தை வச்சுத் தேய்க்கீங்க?"

"அம்மை இல்லக்கா. மசி."

"எல்லா ஆம்பளையும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாவ."

"தொட்டுப் பாருங்க. ஒட்டும்."

"ஒட்டும்னு தெரிஞ்சுதானே தொடாம நிக்கேன்" என்றாள் சைதூன் பீவி. தலை மறைந்தது.

கால் மணி நேரத்தில் வாசல் நிலையில் ஒரு பெரிய வேப்பங்கொத்து தொங்கியது. உள்ளே இரண்டு இளநீரும் வந்து சேர்ந்தன. சைலப்பன் அழுகையை நிறுத்திவிட்டு ஒன்றைக் குடித்தான்.

வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் எந்த விருந்தாளி கால் வைப்பான்? விருந்தாளி திரும்பினால் அவரோடு நிரந்தரமும் ரயிலேறிவிடும். ஆவுடைநாயகம் வாசலுக்கு ஓடி, கொத்தைப் பிடித்து இழுத்தார். பாதி கையோடு வந்தது.

எதிர் வீட்டுப் பார்வதியம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மன் வந்து இறங்கியிருக்கா. நீரு வேப்பிலையைப் பிச்சு எறியுதீரே. படிச்சவருதானா?"

"ஆச்சி, இது சிவப்பு மசி. எம் மகதான்..."

"பிள்ளை மேல பழியைப் போடாதேயும்."

அவள் குரலுக்கு நாலு வீட்டுக் கதவு திறந்தது. வந்தவர்கள் எல்லாரும் சைலப்பனை எட்ட நின்று பார்த்தார்கள். எல்லாரும் ஆவுடைநாயகத்தைத்தான் திட்டினார்கள். கடைசியில் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, முன்னதைவிடப் பெரிய கொத்தாகக் கட்டினார். பார்வதியம்மாள் சொன்னபடி தெருவைப் பார்த்து நின்று கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ஏழு வருஷம் மேலதிகாரிகள் முன்னால் கைகட்டி நின்றபோதுகூட அவருக்கு இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

உள்ளே திரும்பினால், உலகும் முகமெல்லாம் புள்ளியாக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் எளநி" என்றாள்.

அவருக்கு வந்த கோபத்தில் கை ஓங்கினார். உலகு அடி விழுவதற்கு முன்பே அழுதாள். அக்காள் அழுவதைப் பார்த்துத் தம்பியும் சேர்ந்துகொண்டான். ஓங்கிய கையால் இன்னோர் இளநீரைச் சீவ வேண்டியதாயிற்று. அவசரத்தில் அரிவாள் நழுவி, இளநீர் முழுவதும் நகல் எழுதி வைத்திருந்த பதினெட்டுக் காகிதத்தின் மேலே கொட்டியது.

"போச்சு" என்றார் ஆவுடைநாயகம்.

"தொடச்சிரலாம்ப்பா" என்று உலகு எழுந்து, தன் பாவாடையால் துடைத்தாள். பதினெட்டுக் காகிதமும் ஒரே நீலமாயிற்று.

இனி ஒரே வழி. இருவரையும் கொல்லையில் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நாலு வாளி தண்ணீரைத் தலையில் கவிழ்த்துவிடுவது. ஆளுக்கொரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தார். அங்கே சைதூன் பீவி, வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மைப் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தப் போறீங்களா? அம்மை இறங்காம எப்படி ஊத்துவீங்க?"

"அக்கா, நான் கும்பிடுதேன். வழி விடுங்க."

"மங்களம் வரட்டும். தாய் இல்லாத நேரத்துல பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அப்போது வாசலில் ஜட்கா மணி கேட்டது.

ஆவுடைநாயகம் பிள்ளைகளை இறக்கிவிடவும் தோன்றாமல் அப்படியே வாசலுக்கு ஓடினார். வண்டிக்காரன் சேக் மைதீனின் ஜட்கா தெருவின் நடுவில் நின்றிருந்தது. பின்னால் இன்னொரு ஜட்கா, மூட்டை முடிச்சும் பிள்ளைகளுமாக. முன் வண்டியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்த காந்திமதிநாதன், வேப்பிலையைப் பார்த்தார். பிறகு இரண்டு கக்கத்திலும் புள்ளி புள்ளியாக வரும் பிள்ளைகளைப் பார்த்தார். காலை மேலே எடுத்துக்கொண்டார்.

"ஏலே ஆவுடை, அங்கனயே நில்லு."

"அண்ணாச்சி, இது மசி. வேணும்னா மதினியத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று சைலப்பனை வண்டிக்குள் நீட்டினார் ஆவுடைநாயகம்.

மதினி போட்ட அலறலில் குதிரை தானாகவே திரும்பியது.

"குத்துக்கல்வலசையில என் மச்சினன் வீடு இருக்கு. அங்கன போறோம். நீ பிள்ளையளப் பாரு" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என் வேலை விஷயம், அண்ணாச்சி?"

ஜட்கா மணிதான் கேட்டது. அது தெருமுனை திரும்பும் வரைக்கும் ஆவுடைநாயகம் நடுத்தெருவில் நின்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே போனார்.

மாலை நாலு மணிக்கு மங்களேஸ்வரி வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் முடிந்திருந்தாள். முகம் மலர்ச்சியாக இருந்தது. வாசலில் வேப்பிலையைக் கண்டும் பதறவில்லை. குனிந்து உள்ளே வந்தாள். கூடத்தில் புருஷன் சுவரில் சாய்ந்து கிடந்தார். பிள்ளைகள் இருவரும் அவர் மடியில் கால் போட்டுத் தூங்கினார்கள்.

"எல்லாம் போச்சு, மங்களம்" என்றார் ஆவுடைநாயகம். காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "இனி உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ரெண்டு பிள்ளையக் கட்டி மேய்க்கது தாலுகாவைக் கட்டி மேய்க்கதைவிடக் கஷ்டம். அது போகட்டும். ஏழு வருஷத்து ஆசை ஒரே பகல்ல மண்ணாப் போச்சே."

"அஞ்சு வருஷமா வந்து சாப்பிட்டவுக செய்யாததையா இந்த வருஷம் செஞ்சிருக்கப் போறாவ?" என்றாள் மங்களேஸ்வரி. "போன வருஷம் முப்பத்திமூணு நாளு. அடுப்பை விட்டு நான் எந்திரிக்கலை. இருக்க எடம் தென்காசி, அருவியக் கண்ணால பாத்து ஆறு வருஷம் ஆச்சு."

ஆவுடைநாயகத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அதுக்காக? தானா வந்த வாய்ப்பு. யாரை நோவ? எல்லாம் என் நேரம்" என்று பெருமூச்சு விட்டார்.

சுவருக்கு மேலே சைதூன் பீவியின் தலை எழும்பியது. அவர் கிடப்பதை அவள் கவனிக்கவில்லை.

"மங்களம், நாளைக்கு விடிஞ்சதும் உலகை இங்கன அனுப்பி வையி. மேலப்பாளையத்துல இருந்து எங்களுக்கும் பதினோரு பேரு சாரலுக்கு வாறாவ, நீ இன்னைக்கு வைக்கச் சொன்ன மாதிரியே எங்க பிள்ளையளுக்கும் புள்ளியை ஒட்டாம வச்சு விடட்டும்."