சாவோ பாவுலோவில் கழற்றிய சப்பாத்து

என்னை யாராவது காவலுக்கு அழைத்துப் போவதென்றால், எனக்குக் காவலாக இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. இதை வெட்கப்படாமல் சொல்லுவதற்கு நான் பிரேசில் வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது. அதற்கு முன்பு சுவிஸில் நாங்கள் இருக்கும் டீட்டிகோனில் என்னைத் தைரியசாலி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். (நம்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். மற்றவர் யாரென்று எனக்கும் ஞாபகமில்லை.)

என் மகள் ஆரணி சூரிச்சில் தண்ணீர் சுத்திகரிப்புப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். சாவோ பாவுலோ நகரத்தில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டில் பேச அவளை அழைத்திருந்தார்கள். அதுதான் அவளுடைய முதல் மேடை.

"நான் தனியப் போட்டு வருவன்" என்றாள்.

"பொம்பிளைப் பிள்ளை அவ்வளவு தூரம் தனியப் போறதோ? நானும் வாறன், பாதுகாப்புக்கு" என்றேன்.

"ஆருக்குப் பாதுகாப்பு அப்பா?"

அந்தக் கேள்வியின் ஆழம் அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் லீவு எடுத்துவிட்டேன். அங்கே என்னோடு பெட்டி அடுக்குகிற குணம் அண்ணைதான் முதலில் பயத்தைக் கிளப்பினார்.

"சாவோ பாலோவோ? ஊரின்ர பேரே 'சாவோ' எண்டு கேக்குது. பிறகு 'பாலோ' எண்டும் கேக்குது. செத்த வீட்டிலதானே தம்பி பால் தெளிக்கிறது?"

அதோடு விடவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கத் தன் போனில் எனக்குப் படம் காட்டினார். எல்லாப் படத்திலும் ஹெல்மெட் போட்ட ஒருவன் மோட்டார் சைக்கிளில் வருவான், யாரோ ஒருவருடைய கையில் இருந்தது அடுத்த நொடி இருக்காது. "ஹெல்மெட் போட்டவன் வந்து நிண்டால் கதை வைக்கக் கூடாது. கேக்கிறதைக் குடுத்திட வேணும். உயிர்தான் முக்கியம்" என்றார். நான் தலையாட்டினேன். தலை ஆடியதா, நடுங்கியதா என்பது வேறு விடயம்.

மாநாட்டு நாள் காலை ஆரணி வெள்ளனவே புறப்பட்டாள். ஹோட்டல் அறை வாசலில் நின்று, "நாலு மணிக்கு என்ர பேச்சு. டாக்ஸியில வாங்கோ. முன்வரிசையில கதிரை பிடிச்சு வைக்கிறன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வராமல் விட்டிடாதேங்கோ அப்பா. எனக்குக் கை நடுங்குது. உங்கட முகத்தைப் பாத்தாத்தான் கதைக்க வரும்" என்றாள். என் பிள்ளை என்னிடம் அப்படிக் கேட்டது அவள் சைக்கிள் பழகிய காலத்துக்குப் பிறகு அன்றுதான். உயிர் போனாலும் வருவேன் என்றேன். (சொல்லிய பிறகுதான் குணம் அண்ணையின் பால் ஞாபகம் வந்தது.)

அவள் போனதும் கட்டிலில் இருந்து யோசித்தேன். டாக்ஸி என்றால் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவான். நிலக்கீழ் ரயில் என்றால் ஓட இடமில்லை. நடந்து போனால், ஏதாவது நடந்தால் ஓடலாம். ஆகவே ஒரு மணி நேர நடைக்கு நான் காலையிலேயே இறங்கினேன். கடவுச்சீட்டை ஒரு பையில் போட்டுப் பெனியனுக்குள்ளே தொங்கவிட்டேன். காசை இரண்டாகப் பிரித்து இரண்டு காலுறைக்குள்ளும் வைத்தேன். அதனால் ஒவ்வொரு அடிக்கும் என் கால்கள் சரசரத்தன.

அது ஊரில்லை, ஊர்களின் குவியல். எந்தப் பக்கம் பார்த்தாலும் மாடிவீடுகள், அவற்றுக்கு மேலே ஹெலிகொப்டர்கள். ஏறினால் ஏற்றம், இறங்கினால் மறுபடியும் ஏற்றம். தலைக்கு மேலே மின்கம்பிகள் சிக்கெடுக்காத கூந்தல் மாதிரித் தொங்கின. கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு பாய்ந்தன. ஓட்டியவர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். (சட்டம் அப்படி. ஆனால் பயந்தவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்?)

பின்னால் யாராவது வந்தால் நின்று வழி விட்டேன். முன்னால் யாராவது நின்றால் மறுபக்கம் போனேன். கடைசியில் நாய்க்குட்டியோடு நடந்த ஒரு வயதான அம்மாவைத் தெரிந்தெடுத்து, இவருக்குப் பின்னால் போனால் ஆபத்தில்லை என்று ஒட்டிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். வேகமாக நடந்தார். நானும் வேகமாக நடந்தேன். அவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிய பிறகுதான், அந்தத் தெருவில் பயப்படத் தக்க ஒரே ஆள் நான்தான் என்று புரிந்தது.

இதற்கிடையில் இன்னொரு கரைச்சல். அந்த ஊரில் எல்லோரும் "தா" என்றார்கள். போனில் கதைத்துக்கொண்டு போன இளைஞன் என்னைக் கடக்கும்போது "தா, தா, தா" என்றான். பழச்சாறு வாங்கிய கடையில் மிச்சக் காசைத் தந்த பெண்ணும் என் முகத்தைப் பார்த்து "தா?" என்றாள். தந்த காசை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் பேசுவது போர்த்துக்கேய மொழி என்று மூளைக்குத் தெரியும். ஆனால் பயந்த மனிதனின் காது தாய்மொழியில் மட்டும்தான் வேலை செய்யும்.

வழி தவறி, தவறிய வழியையும் தவறவிட்டு, மாநாட்டு மண்டபம் இருந்த பெரிய வீதிக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. மண்டபம் வீதிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு முன்னால் நின்றது. பாதசாரிக் கடவையில் காலை வைக்கிறேன், எனக்கு நேரே ஒரு மோட்டார் சைக்கிள் கிறீச்சென்று நின்றது. கறுப்பு ஹெல்மெட். முதுகில் பெரிய பெட்டி. சுவிஸில் கடவைக்குப் பக்கத்தில் போனாலே வாகனம் நிற்கும். அங்கே காலையிலிருந்து ஒன்றும் நிற்கவில்லை. ஆகவே ஒன்று நின்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

அவன் கையை அசைத்து, "வை! வை!" என்றான்.

நீங்கள் சிரிப்பதற்காக இதை எழுதினாலும், அந்தக் கணத்தில் எனக்கு உண்மையாகவே உயிர் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் துவக்கோடு நின்ற ஆமிக்காரர்களுக்குத் தெரிந்த தமிழ் மிகக் கொஞ்சம். அதில் ஒரு சொல் "வை". பையை வை, சைக்கிளை வை, கையைத் தலையில் வை. எத்தனையோ வருடம் சுவிஸ் காற்றைச் சுவாசித்த உடம்பு, அந்த ஒரு சொல்லுக்கு என்னைக் கேட்காமலே பணிந்தது.

தோள்பையை வீதியில் வைத்தேன்.

"வை, வை!" என்றான் மறுபடியும், இன்னும் பலமாகக் கையை வீசி. கைமணிக்கூட்டைக் கழற்றி வைத்தேன். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. பஸ் சாரதி தலையை வெளியே நீட்டி "வை!" என்றார். நடைபாதையில் நின்ற ஒரு பெண்ணும் "வை!" என்றாள். ஊரே சேர்ந்து கொள்ளையடிக்கிறது என்று நினைத்தேன். காசு காலுறைக்குள் இருக்கிறது, அதற்கு வர வேண்டுமென்றால் சப்பாத்தைத் தாண்டித்தானே வர வேண்டும்? வலது சப்பாத்தைக் கழற்றி மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன். (களஞ்சியத்தில் வேலை செய்கிறவனுக்குப் பயத்திலும் அடுக்கு முக்கியம்.)

ஹெல்மெட்காரன் வண்டியை விட்டு இறங்கினான். அவ்வளவுதான். ஆரணி அங்கே காத்திருக்கிறாள் என்ற ஒரே நினைப்பு. தோள்பையை மட்டும் பறித்துக்கொண்டு மண்டபத்தை நோக்கி ஓடினேன். பின்னால் திடுதிடுவென்று காலடி. "சப்பாத்து! சப்பாத்து!" என்று அவன் கத்திக்கொண்டு வந்தான்.

அவன் சொன்ன சொல் இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளங்கியது. மற்றச் சப்பாத்தும் வேணுமாம்! நொண்டிக்கொண்டே இடது சப்பாத்தையும் கழற்றி அவனை நோக்கி எறிந்தேன். அதையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். இப்படியும் ஒரு பேராசையா?

வாசல் காவலாளிகளைத் தாண்டி, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, காலுறையோடு பளிங்குத் தரையில் சறுக்கி உள்ளே போனேன். மேடையில் ஆரணி. கையில் மைக். முன்வரிசையில் ஒரு வெறும் கதிரை. அவள் அந்தக் கதிரையைப் பார்த்தபடி வார்த்தை வராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆரணி, ஓடு! கள்ளன் வாறான்!"

அத்தனை விஞ்ஞானிகளும் திரும்பினார்கள். எனக்குப் பின்னால் கதவு திறந்தது. மூச்சு வாங்க ஹெல்மெட்காரன் வந்து நின்றான். ஒரு கையில் என் மணிக்கூடு. மறு கையில் என் சப்பாத்து ஒரு சோடி.

ஆரணி என் காலைப் பார்த்தாள். மைக் வாயருகே இருப்பதை மறந்து, "அப்பா, எங்க உங்கட சப்பாத்து?" என்றாள்.

ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்க "சப்பாத்து" கேட்டது. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத பிரேசில்காரர்கள் எல்லோருக்கும் அது விளங்கிவிட்டது. "சப்பாத்து!" என்று அவனும் இரண்டையும் உயர்த்திக் காட்டினான். மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆரணி மேடையிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "இவர் என் அப்பா. எனக்குப் பாதுகாப்புக்கு வந்தவர்" என்றாள். கை தட்டினார்கள். நான் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்து சப்பாத்தை மாட்டினேன். அவள் விட்ட இடத்திலிருந்து பேசினாள். கை நடுங்கவில்லை, குரலும் நடுங்கவில்லை. அவளுக்கு இருந்த நடுக்கத்தையும் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

அந்தப் பெடியன் பேச்சு முடியும் வரைக்கும் பின்வரிசையில் இருந்து கேட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினால் பால் வடியும் முகம். பெட்டிக்குள் யாருக்கோ கொண்டுபோன சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

"அவையின்ர பாசையில 'வை' எண்டால் போ எண்டு அர்த்தம் அப்பா. அந்தப் பிள்ளை உங்களை மரியாதையா வீதி கடக்கச் சொல்லியிருக்கு. 'தா' எண்டால் சரி எண்டு அர்த்தம்" என்றாள் ஆரணி.

"அப்ப சப்பாத்து?"

"அது சப்பாத்துதான். அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயர்தான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்தவை. நீங்கள் ஒரே ஒரு சொல்லைச் சரியா விளங்கிக்கொண்டு, அதுக்கும் சப்பாத்தால எறிஞ்சிருக்கிறியள்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "வை" என்றால் "போ" என்றுதான் அர்த்தம். வேலைக்கு நேரம் போய்விட்டால் என் மனுசி "வையுங்கோ, வையுங்கோ" என்று விரட்டுவாள். குணம் அண்ணை களஞ்சியத்தில் என்னைக் கண்டால் தன் சப்பாத்தைக் கழற்றி முன்னால் வைப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அவரே கதையைச் சொல்லிவிடுவார், ஒவ்வொரு முறையும் நான் கழற்றிய உடுப்பு ஒன்று கூடும்.

போன இலையுதிர் காலத்தில் ஆரணிக்கு அதே சாவோ பாவுலோவில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம், தனியாக. சூரிச் விமான நிலையத்தில் வழியனுப்ப நின்றோம். "போட்டு வா" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. கள்ளனுக்கும் ஹெல்மெட்டுக்கும் இல்லை, அவள் இல்லாத வீட்டுக்கு. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது. எப்படியோ ஒரு சொல்லை மட்டும் வெளியே தள்ளினேன்.

"வை."

ஆரணி என்னையே பார்த்தாள். பிறகு தோள்பையைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். மணிக்கூட்டைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காக அடுக்கினாள். காலுறையோடு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சனங்கள் எங்களைச் சுற்றி வழி விலகிப் போனார்கள்.

"காணும் விடுங்கோ, ரெண்டு பேரும்" என்றாள் மனுசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சப்பாத்தைப் போடு பிள்ளை. பிளேன் போகப்போகுது."