பட்டாம்பூச்சிப் பூங்காவில் புழு ஒழிப்பு

பல்லுயிர்களைக் காப்பாற்ற உலகத்தில் எத்தனையோ நாடுகள் மாநாடு கூட்டிவிட்டன. காபியும் முந்திரி பக்கோடாவும் கொடுத்து, முப்பத்தெட்டே நிமிஷத்தில் காரியத்தை முடித்த பெருமை மயிலாப்பூர் ‘கற்பக சாயா’ அடுக்ககச் சங்கத்துக்குத்தான் உண்டு. அதன் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பின்பக்கச் சுவரோரம் இரண்டு கறிவேப்பிலைச் செடிகளும் ஓர் எலுமிச்சையும் இருக்கின்றன. அந்த இடத்தைப் ‘பட்டாம்பூச்சிப் பூங்கா’ என்று அறிவித்துப் பலகை மாட்டினோம். ‘பசுமைக் குடியிருப்பு’ விருதுக்கு விண்ணப்பமும் போட்டோம். பட்டாம்பூச்சி உண்டா என்ற கேள்விக்கு ‘ஏராளம்’ என்று நானே எழுதினேன். திறப்பு விழாவுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. வந்துவிடாதா என்ன?

வந்தது புழு. சங்கத் தலைவி விஜயலக்ஷ்மி மாமி, ஓய்வு பெற்ற பேராசிரியை, மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தார்.

“என்ன செகரட்டரி, பாத்துண்டு சும்மா இருக்கேளே! கறிவேப்பிலை பூரா புழு தின்னுண்டிருக்கு. எங்காத்துல ரசத்துக்குத் தாளிக்க ஒரு கொத்து இல்லை!”

அவசரக் கூட்டம் கூடியது. அடுக்ககத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆரோக்கியமேரி காபித் தட்டோடு நின்றிருந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர். அங்கிருந்த வீட்டை இடித்து, சர்க்கார் ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்ததிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். ஒருநாள்கூட லேட் கிடையாது.

“சார், மருந்து அடிக்காதீங்க. அந்தப் புழுதான் சார் பட்டாம்பூச்சியா ஆவும். கொஞ்ச நாள் வுட்டீங்கன்னா கூடு கட்டிக்கினு தொங்கும்.”

“மேரி, நீ சொல்றது சயின்ஸ். இது தீர்மானம்,” என்று விளக்கினேன்.

‘புழு வேறு, பட்டாம்பூச்சி வேறு என்பதே சங்கத்தின் நிலைப்பாடு’ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மேரிக்கு ஓட்டு இல்லை. மறுநாளே மருந்து அடித்தோம். எறும்பு, சிலந்தி, பெயர் தெரியாத இன்னும் நாலைந்து ஜீவன்கள் எல்லாம் சங்கத்துக்கு ‘முழு ஒத்துழைப்பு’ நல்கின.

விழா நாளும் வந்தது. தலைமை விருந்தினராக வந்த அதிகாரி அருமையாகப் பேசினார். மொட்டை மாடியில் குருவிக்குத் தண்ணீர் வையுங்கள் என்றார். செடிக்கு மருந்து அடிக்காதீர்கள் என்றார். பலமாகக் கை தட்டினோம். மேடைக்கு அடியில் இருந்த மருந்து பம்ப்பை நான் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

“சரி, பட்டாம்பூச்சி எங்கே?” என்றார் அவர்.

மாமி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அப்போது மேரி மோட்டார் ரூமிலிருந்து ஒரு பெயின்ட் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் வாயில் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது! கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பட்டாம்பூச்சிகள் எழும்பின. ஒன்று மாமியின் பட்டுப்புடவைத் தோளில் உட்கார்ந்தது. எல்லாரும் குழந்தைகள் மாதிரி வாயைப் பிளந்து நின்றோம்.

“மருந்து அடிக்கறதுக்கு முன்னாடியே பொறுக்கி வச்சிக்கினேன் சார்,” என்று மேரி என் காதில் சொன்னார். “எங்க வூட்டாண்ட கறிவேப்பில மரம் கீது. டெய்லி பஸ்ஸுல எட்தாந்து போட்டேன்.”

“யார் வளர்த்தது?” என்று அதிகாரி கேட்டார்.

“சங்கம்தான் சார்! கூட்டு முயற்சி,” என்றார் மாமி. பிறகு மேரி பக்கம் திரும்பி, “நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. போட்டோல பக்கெட் விழறது,” என்றார்.

விருது எங்களுக்கே என்று அதிகாரி அங்கேயே அறிவித்தார். அன்று மாலையே மறுபடி கூட்டம். மேரி வெளியே வாயைத் திறந்தால் விருது என்ன ஆகும் என்று மாமி கவலைப்பட்டார். நியாயமான கவலை. ‘சங்கம் ஒழிக்கத் தீர்மானித்த புழுக்களைப் பதுக்கியது, மோட்டார் அறையை அனுமதியின்றிப் பயன்படுத்தியது’ ஆகிய குற்றங்களுக்காக மேரியை வேலையிலிருந்து நீக்கி மெமோ அடித்தேன்.

“இன்னா சார், நான் இன்னா தப்பு பண்ணேன்? உங்க மானத்ததான சார் காப்பாத்துனேன்?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

“தீர்மானம்மா,” என்றேன்.

விருதுக் கேடயத்தை லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். போன வாரம் கறிவேப்பிலையில் மறுபடி புழு வைத்திருக்கிறது. அந்த ஒன்பதின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். மாமி மருந்துக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். இந்தத் தடவை ஒன்றுகூடத் தப்பாது. தப்பவைக்கக் கூடிய ஒரே ஆளையும் ஒழித்தாயிற்று. மெமோவில் இருப்பது என் கையெழுத்து.