குட்டி லீவர்மேல் கோணிப்பை

உயிரே போனாலும் ஜீப்பின் ஸ்டியரிங்கை இன்னொருத்தர் கையில் கொடுப்பதில்லை. உரக்கடை ஆதிமூலத்தின் கொள்கை அது. சாதாரணக் கொள்கை இல்லை. ஊர்க் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைப் பார்த்துக் கற்பூரம் அணைத்துச் செய்த கொள்கை.

ஜீப், ராணுவ ஏலத்தில் எடுத்தது. எந்தச் சண்டைக்குப் போய் வந்ததோ, இருமல் மட்டும் நிற்கவில்லை. ஆனாலும் ஆதிமூலம் தன் முகத்தைத் துடைக்க மறப்பாரே தவிர, அதன் முகத்தைத் துடைக்க மறக்க மாட்டார். சொந்தத் தம்பி ஒரு நாள் இரவல் கேட்டதற்கே, "பிரேக் இல்லடா" என்று சொல்லி அனுப்பியவர்.

அப்படிப்பட்டவரிடம், எண்பத்து நாலாம் வருஷம் ஜூலை மாதத்தில், தோசையைத் திருப்பிப் போட்டபடி அவர் மனைவி சந்திரகலா கேட்டாள்.

"ஏங்க, எனக்கு ஜீப் ஓட்டக் கத்துக் குடுங்க."

வாய்க்குள் போன தோசை அங்கேயே நின்றது.

"என்னாது?"

"ஜீப்புங்க. நானே ஓட்டிக்கினு ஸ்கூலுக்குப் போயிடுவேன்."

அவள் டீச்சர். ஜூன் மாதம்தான் கீழ்பென்னாத்தூருக்கு மாறுதல் வந்திருந்தது.

"அதான் பஸ் இருக்குதே, கலா!"

"பஸ் இருக்குது. பஸ்ஸுல எடம்தான் இல்ல."

"பொம்பள ஜீப் ஓட்டினா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஹாரன் அடிச்சா ஒதுங்கிக்குவாங்க."

ஆதிமூலத்துக்கு வியர்த்தது. முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அந்த வாரம் முழுக்கச் சோறு வரும், குழம்பு வராது. பதினாலு வருஷ அனுபவம். ஆகவே அவளே வேண்டாமென்று ஓடும்படி செய்ய வேண்டும். யோசித்தார். அகப்பட்டது.

ஜீப்பில் பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் உண்டு. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றுக்கும் மணலுக்கும் ஆன ஏற்பாடு. காய்ந்த தார் ரோட்டில் போட்டால் வண்டிக்கு வலிப்பு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேங்கிக்கால் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். அவள் டிரைவர் பக்கம் சுற்றி வருவதற்குள் குட்டி லீவரை ஒரே தள்ளு.

சந்திரகலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல கிளச்சை மிதித்துக் கியர் போட்டாள். வண்டி கிளம்பியது. கிளம்பியதா, குதித்ததா என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங் உரலாகக் கனத்தது. சீட்டு உதறியது. கதவு உதறியது. ஆதிமூலத்தின் தொப்பை தனியாக உதறியது.

"ஏ-ஏ-ஏங்க! இ-இ-இது ஏன் இப்படி ஆ-ஆடுது?"

"இ-இ-இதுக்குத்தான் சொ-சொன்னேன்! ஆ-ஆம்பள கை வேணும்!"

நூறு கஜம் போவதற்குள் நிறுத்திவிட்டு அவள் இறங்கினாள். ஆதிமூலத்தின் மனசுக்குள் நாதஸ்வரம். உற்சாகமாக ஏறி உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல் குட்டி லீவரைப் பின்னுக்கு இழுத்தார்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. வீடு வரை வண்டி உதறிக்கொண்டே வந்தது. நாதஸ்வரம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் மெக்கானிக் கண்ணாயிரம் வீட்டுக்கு வந்தான். அவனிடம் உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் சந்திரகலாவின் காதுக்குப் போய்விடும். அதனால் ஆதிமூலம் குட்டி லீவர்மேல் ஒரு யூரியா கோணிப்பையைப் போட்டு மூடிவிட்டு, "சும்மாவே உதறுதுப்பா" என்றார்.

கண்ணாயிரம் வண்டிக்கடியில் படுத்தான். சக்கர நட்டு எல்லாம் முடுக்கினான். ஓட்டிப் பார்த்தான். உதறியது. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, அதன் மூட்டுக்குப் புதுக் கிராஸ் போட்டான். அப்போதும் உதறியது.

"இன்னாண்ணே இது, பேய் புடிச்ச வண்டியா கீது?"

பள்ளிக்கூடம் விட்டு வந்த சந்திரகலா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நேத்து இந்தக் கோணி இங்க இல்லையே?" என்று சொல்லியபடியே அதை எடுத்தாள்.

கண்ணாயிரம் லீவரைப் பார்த்தான். ஆதிமூலத்தைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"நாலு வீலும் போட்டுக்கினா தார் ரோட்ல ஓட்டினீங்க? முன் டயர் புதுசு, பின் டயர் வழுக்கை. தேஞ்ச டயர் சின்னது, ஜாஸ்தி சுத்தணும்; புதுசு பெருசு, கம்மியா சுத்தணும். ரெண்டும் மல்லுக்கு நின்னா வண்டி உதறாம இன்னா பண்ணும்? லீவரும் இறுகிக்கிச்சு பாருங்க. எங்கேஜ் ஆனது விடமாட்டேங்குது."

"எங்களுக்கும் அப்படித்தான் எங்கேஜ் ஆச்சு," என்றாள் சந்திரகலா. "பதினாலு வருஷமா விடல."

கண்ணாயிரம் ஏறி வண்டியை நாலு கஜம் பின்னால் எடுத்தான். இறுக்கம் விட்டு, லீவர் ஒரு விரலுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஜீப் வெண்ணெயாகப் போயிற்று.

"ஆனா இத்தப் போட்டது யாரு?" என்றான் அவன்.

ஆதிமூலம் தன் செருப்பைப் பார்த்தார். குனிந்து, அதில் இல்லாத முள்ளைத் தேடினார்.

"நானாத்தான் இருக்கும்," என்றாள் சந்திரகலா சாந்தமாக. "ஏறும்போது கால் பட்டிருக்கும். எனக்கு இந்த வண்டி சரிப்படாதுங்க. ஓட்டற ஆசையே விட்டுப்போச்சு. நான் பஸ்ஸுலயே போறேன்."

தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே! ஆதிமூலம் அவள் கையிலிருந்த கோணிப்பையை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கும் தப்பித்தது என்ற சந்தோஷம் வேறு.

"நீ எதுக்கும்மா பஸ்ஸுல போகணும்? நான் எதுக்கு இருக்கேன்? தினம் நானே கொண்டு விடறேன், நானே வந்து கூட்டிக்கினு வரேன்!"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..."

"பேசாத. சொன்னாச் சொன்னதுதான்!"

நிஜமாகவே அது சிரமமாக இல்லை. காலைக் காற்று, இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லையில் பச்சென்று நிலக்கடலைச் செடி, கீழ்பென்னாத்தூரில் சூடாக ஒரு டீ. மூன்று வாரத்தில் ஆதிமூலம் அரை சுற்று பெருத்து, ஒரு சுற்று மகிழ்ந்திருந்தார். இந்தச் சூழ்ச்சியை முன்னாலேயே செய்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியை ரேணுகாம்பாள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பரவாயில்லீங்க, டீச்சர் ஜூன் மாசம் வந்து சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க, 'எங்க வீட்டுக்காரர் தினம் ஜீப்புல கொண்டாந்து விடுவாரு'ன்னு."

"ஜூன்லயா?" ஆதிமூலம் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஜூன்ல அப்படி ஒரு பேச்சே இல்லீங்களே! ஜூலையிலதான் ஜீப் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டா!"

"அதையும் சொன்னாங்க. 'கொண்டு விடுங்கன்னு கேட்டா மாட்டேம்பாரு. நானே ஓட்டறேன்னு கேட்டா ஓடியாந்து கொண்டு விடுவாரு'ன்னு. அத நம்பித்தானே நானும் இந்த மாசம் உங்க தெருவுலயே வீடு மாத்திக்கினு வந்துட்டேன்," என்றபடி ரேணுகாம்பாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.