பெட்டிக்கு ஒரு துணை

ஒரு காட்டில் இட்லிக் கொப்பரை பெட்டிக்குள் போக மறுத்துக்கொண்டிருந்தது. கரடி சிவசைலம் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தது. எழுந்து, கொப்பரையைச் சாய்த்து வைத்து, மறுபடியும் உட்கார்ந்தது.

“கைப்பிடி இடிக்கு,” என்றது கீரி ஆவுடையப்பன். பெட்டியின் விளிம்பில் நின்று அது மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. “பாத்திரத்துக்கும் பலகைக்கும் நடுவுல சொருகுங்க அண்ணாச்சி.”

“கப்பல்ல இட்லி போடமாட்டானா?” என்றது பிரமு. சிவசைலத்தின் மனைவி. காலையிலிருந்து இதே கேள்வியை அது நான்கு விதமாகக் கேட்டிருந்தது.

“போடுவான். நமக்கு ஒத்துக்கிடணும்லா,” என்றது சிவசைலம்.

சிவசைலம் தேன் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எடை போட்டு ஓய்வு பெற்றது. விடைகொடுக்கும்போது சங்கம் ஒரு படிவம் தந்தது. சுவர்க்கடிகாரம், அல்லது இருவருக்கு நான்கு நாள் கப்பல் சுற்றுலா, வேண்டாததை அடிக்கவும். சிவசைலம் கப்பலை அடித்துவிட்டுத் தூங்கப் போனது. காலையில் கடிகாரம் அடிபட்டிருந்தது. கப்பலுக்குப் பக்கத்தில் ‘அடித்தது தவறு’ என்று எழுதி, கீழே சிவசைலத்தின் சுருக்கொப்பமும் இருந்தது. கையெழுத்து பிரமுவுடையது. சங்கம் ஒப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

கப்பல்காரர்கள் ஒரு துண்டுத்தாள் அனுப்பினார்கள். ஐந்து வேளை உணவு உண்டு, பயணிகள் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் போட்டிருந்தது. பிரமு அந்தத் தாளை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது. அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை படித்துக்கொள்ளும். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அது அடுப்பை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் விலகியிருந்ததில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோதும், பெட்டி தூக்கிக்கொண்டு கூட வந்த சிவசைலம் குட்டி கண் திறக்கும்வரை அங்கேயே தங்கிச் சாப்பிட்டது. கடலை பிரமு பார்த்ததே இல்லை.

பிரமு தனக்கென்று எடுத்து வைத்தது ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலை, ஒரு துண்டு, ஒரு சீப்பு. சிவசைலம் அந்தப் பையைக் கொப்பரை ஆடாமலிருக்க அண்டை கொடுத்துவிட்டது.

ஆவுடையப்பன் கப்பலில் போனதில்லை. அதன் சகலை போயிருந்தது. அந்தக் காட்டில் அதுவே பெரிய அனுபவம்.

“மக் எடுத்தாச்சா?” என்றது கீரி.

“எதுக்கு?”

“அங்க கழுவ மக் வைக்கமாட்டான். காகிதந்தான். எங்க சகலை முத நாளு பட்ட பாட்டை மதினி இருக்கும்போது சொல்ல முடியாது.”

மக் உள்ளே போனது. ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று இன்னொன்றும் போனது.

“கயிறு?”

“கயிறு எதுக்கு?”

“துணி காயப்போட.”

“கடல்காத்துல பறந்திராது?”

“அதுக்குத்தான் கிளிப்பு.”

இரண்டாம் நாள் ராத்திரி கப்பல் தலைவர் விருந்து கொடுப்பார், அதற்குக் கோட்டு போட்டுத்தான் போக வேண்டும் என்றது கீரி. சிவசைலம் தன் உடம்பைக் குனிந்து பார்த்தது. “எனக்குத்தான் இவ்வளவு ரோமம் இருக்கே வே.”

“அது பனியன் கணக்குல வரும் அண்ணாச்சி.”

தையல்சிட்டு மூன்று நாள் இருந்து ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தது. கை நுழையவில்லை. தோளில் போட்டுக்கொள்ளலாம், பெரிய இடங்களில் அப்படியும் உண்டு என்று கீரி சொன்னது.

“கப்பல் கவுந்தா?” என்றது சிவசைலம். இதை அது குரலைத் தாழ்த்திக் கேட்டது.

“கவுராது. கவுந்தா தேங்காய். நெத்துத் தேங்காய் நாலஞ்சை இடுப்புல கட்டிக்கிட்டா யானையே மிதக்கும்.”

ஆளுக்கு ஐந்து என்று பத்துத் தேங்காய் உள்ளே போயின. தேங்காய் இருக்கிறதென்றால் துருவி வேண்டும். துருவினால் அரைக்க வேண்டும், ஆகவே அம்மி. அரைத்தால் சட்னி, சட்னிக்குத் தோசை, தோசைக்குக் கல், மாவு. மாவுப்பானை பொங்கினால் துடைக்கத் துணி. கடைசியில் இதற்கெல்லாம் அடுப்பு வேண்டுமே என்று சிவசைலத்துக்குப் பட்டது. பிரமு சமையலறை வாசலில் நின்றபடி அடுப்பு தன்னைக் கடந்து போவதைப் பார்த்தது.

“எந்த வேலையும் செய்யவேண்டாம்னு தாள்ல போட்டிருக்கே,” என்றது.

“அது தெரியாதவங்களுக்கு. நீ நின்னாப்புல செஞ்சிருவ,” என்றது சிவசைலம். அது மனைவியைப் பாராட்டுவது அபூர்வம்.

குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்பது கப்பல்காரர்களின் விதி. பெட்டியின் நீள அகலம் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. எனவே மரங்கொத்தி தேக்கில் ஒன்று செய்து கொடுத்தது. அதில் தாழ்ப்பாள் இருந்தது. ஒரு சன்னலும் வைக்கட்டுமா என்று மரங்கொத்தி கேட்டது.

எடை அனுமதி முந்நூறு கிலோ. துண்டுத்தாளின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பின்பக்கத்தைப் பார்க்கும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை. முன்பக்கத்தை நிரப்புவதற்குள்ளேயே பாதி ஆயுள் போய்விடும். சிவசைலம் சங்கத்தின் பழைய தராசை இரவல் வாங்கி வந்து ஆலமரத்துக் கிளையில் கட்டிப் பெட்டியை நிறுத்தது. இருநூற்று எழுபது.

“முப்பது கிலோ கிடக்கு,” என்றது கவலையாக.

“கிடந்துட்டுப் போகுது,” என்றது பிரமு.

“கொடுத்தவன் முந்நூறு கொடுத்திருக்கான். விடுவானேன்?”

சிவசைலம் வீட்டுக்குள் போய் முப்பது கிலோவுக்குத் தகுந்த சாமான் தேடியது. பாய், அரிசிப் பானை அரிசியோடு, முறம், அரிவாள்மணை. பக்கத்து மரத்து மந்தி சங்கரவடிவு இதைக் கேள்விப்பட்டு இறங்கி வந்தது. தன் மகளை ஒரு தீவில் கட்டிக்கொடுத்திருந்தது. கப்பல் அங்கே ஒரு நாள் நிற்கும்.

“மதினி, கொஞ்சம் வத்தல் மட்டும் கொடுத்துவிடட்டா? பிள்ளை நாக்கு செத்துக் கிடக்காளாம்.”

கொஞ்சம் வத்தல் எட்டு கிலோ இருந்தது. அதைப் பிரமுதான் வாங்கி உள்ளே வைத்தது. மாட்டேன் என்று சொல்ல அதற்கும் வாய் வரவில்லை.

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் முள் நின்றதும் சிவசைலம் கையைத் தூக்கிப் போதும் என்றது. மிச்சம் இரண்டு கிலோ சேதாரத்துக்கு. தேன் எடை போடுகிறவர்கள் எப்போதும் கழித்துவிடுவது. நிறுத்த பிறகு கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தது. சங்கத்தில்கூட இவ்வளவு சுத்தமாக அது எடை போட்டதில்லை.

கிளம்புகிற அன்று காலை, பூனை வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. பூனை இதற்கெல்லாம் வருத்தப்படுவதை விட்டு நாளாகிவிட்டது. பெட்டியை ஏற்றியதும் எருமை வண்டி பின்னால் சாய்ந்தது. கரடிகள் நடந்தன. வழியனுப்ப வந்த ஆவுடையப்பனும் சங்கரவடிவும் வண்டியில் ஏறிக்கொண்டன.

துறைமுகத்தில் வரிசை இருந்தது. வரிசைக்கு ஒரு சீட்டு, அந்தச் சீட்டை வாங்க இன்னொரு வரிசை. பிரமுவுக்கு இரண்டும் தெரியவில்லை. சுங்கக் கொட்டகைக்கு அப்பால் கடல் இருந்தது. அது எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தது பிரமு. கப்பலின் மேல்தளத்தில் ஒரு எருமை சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தது. யாரோ அதற்குப் பழச்சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எடைமேடையில் நீர்நாய் ஒன்று அதிகாரியாக இருந்தது. பெட்டியை ஏற்றி எண்ணைக் குறித்துக்கொண்டது.

“இருநூத்தி தொண்ணூத்தெட்டு. நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க.”

“நாங்க எதுக்கு?” என்றது சிவசைலம்.

நீர்நாய் துண்டுத்தாளைத் திருப்பிக் காட்டியது. பின்பக்கத்தில், எறும்பு படித்துக்கொள்ளும் அளவில், ‘மேற்படி எடையில் பயணிகளும் அடங்குவர்’ என்று இருந்தது.

சிவசைலம் இரண்டு முறை படித்தது. “முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“முன்னாடியேதான் அச்சடிச்சோம். பின்னாடி இருக்கு.”

“நான் நூத்தி நாப்பது. இவ நூத்திப் பத்து.”

“அப்ப ஒண்ணு பெட்டியைக் குறைங்க. இல்ல உங்களைக் குறைங்க. பன்னண்டுக்குப் படியைத் தூக்கிருவோம்.”

பெட்டியைத் திறந்தார்கள். அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். அம்மியை எடுக்கலாம் என்று பிரமு சொன்னது. அம்மி சிவசைலத்தின் அம்மா அரைத்தது. அதை முன்பின் தெரியாத துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போவதா? தேங்காயை எடுத்தால் உயிருக்கு யார் பொறுப்பு என்று கீரி கேட்டது. வத்தலைத் தொட்டபோது சங்கரவடிவு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கோட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வழியில்லை, சிவசைலம் அதைத் தோளில் போட்டிருந்தது. ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்து வைத்தார்கள். குமட்டினால் என்ன செய்வது என்று அதையும் திரும்ப உள்ளே வைத்தார்கள்.

“மதினி இருந்துக்கிடட்டும். அண்ணாச்சி போயிட்டு வரட்டும்,” என்றது ஆவுடையப்பன்.

சிவசைலத்துக்கு இதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆனால் கணக்கு உதைத்தது. “நான் போனாலும் நூத்தி முப்பத்தெட்டு கிலோ கூடுதே வே. பெறகு அங்க யாரு எனக்குப் பொங்கிப்போட?”

“அப்ப மதினி போகட்டும்.”

“அவ போனா இங்க யாரு எனக்குப் பொங்கிப்போட?”

நீர்நாய் கடிகாரத்தைப் பார்த்தது. வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றிக் குடும்பம், எடையைக் கூட்டிக் காட்டக் கூடாதென்று மூச்சை இழுத்துப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தது.

பிரமு கப்பலைப் பார்த்தது. பெட்டிக்குள் தலைகீழாகக் கிடந்த அடுப்பைப் பார்த்தது. பிறகு மெதுவாக, “கொழுந்தனாரு எவ்வளவு இருப்பாக?” என்று கேட்டது.

“யாரு, நானா?” என்றது ஆவுடையப்பன். “ரெண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைச்சல்.”

“சாமான் தனியாப் போகக் கூடாதுல்லா. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இருந்தா நல்லது.”

எல்லோரும் யோசித்தார்கள். இது யாருக்கும் தோன்றவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கரவடிவுக்குத் தன் வத்தல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். சிவசைலம் தராசு முள்ளை நினைத்துப் பார்த்தது. சேதாரத்துக்கு விட்ட இரண்டு கிலோ இவ்வளவு பொருத்தமாக நிரம்பும் என்று அது எதிர்பார்க்கவில்லை.

“நான் எப்படி அண்ணாச்சி, வீட்ல ஒரு வார்த்தை சொல்லலியே,” என்றது ஆவுடையப்பன். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னது.

நீர்நாய் பயணி மாற்றுப் படிவத்தை எடுத்தது. “பெட்டிக்கு நீங்க என்ன முறை?”

ஆவுடையப்பன் யோசித்து, “பாதுகாவலர்,” என்றது. நீர்நாய் அப்படியே எழுதிக்கொண்டது. அடுத்த கட்டத்தில் ‘பயணி: பெட்டி’ என்று எழுதி, உணவு சைவமா அசைவமா என்று கேட்டது. இரண்டும் என்று கீரி சொன்னது.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பெட்டி கப்பலேறியது. நான்கு பணியாளர்கள் அதைச் சுமந்து, கரடிகளின் அறைக்குக் கொண்டுபோய், சன்னலோரமாக வைத்தார்கள். கப்பல் ஊதியது. கரையிலிருந்தவர்கள் பெட்டி இருக்கும் திசையில் கையசைத்தார்கள். மேல்தளத்தில் ஒரு சிறிய உருவம் பழச்சாறுடன் திரும்பக் கையசைத்தது.

“ஒண்ணும் விட்டுப்போகலை,” என்றது சிவசைலம். அதன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

சங்கரவடிவு வண்டியில் திரும்பிப் போனது. கரடிகள் மணலில் நின்றன.

“வீட்டுக்குப் போவமா?” என்றது சிவசைலம்.

“போய்? பாய் கப்பல்ல. அடுப்பு கப்பல்ல. அரிசியும் கப்பல்ல.”

சிவசைலம் இதைச் சரிபார்த்தது. சரியாகத்தான் இருந்தது.

“பெட்டி நாலாம் நாளு இங்கனதான் வந்து எறங்கும்,” என்றது பிரமு. “எடுக்க ஆள் வேணும்லா.”

அதுவும் சரியாகத்தான் இருந்தது. பொருளை அனுப்பினால் பொருள் வரும்வரை காத்திருப்பது சங்கத்திலும் உள்ள முறை. சிவசைலம் உட்கார்ந்தது. பிரமு ஏற்கெனவே உட்கார்ந்து, காலை நீட்டி, அலை வந்து தொடும்படி வைத்துக்கொண்டிருந்தது. அலை தொடுவதும் போவதுமாக இருந்தது. பிரமு காலை மடக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் சிவசைலம், “பசிக்கு,” என்றது.

“எனக்கும்தான்,” என்றது பிரமு.

சிவசைலம் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது. அடுத்த சொல் வரவில்லை. பிரமுவின் கைகளைப் பார்த்தது. இரண்டும் மணலில் சும்மா கிடந்தன. சற்றுத் தள்ளி ஒரு கொக்கு மீன் சுட்டு விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வரிசை. சிவசைலம் எழுந்து, கோட்டை மடித்து மணலில் வைத்து, வரிசையின் கடைசியில் போய் நின்றது. யாருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டது.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு வாழையிலைகளில் மீனோடு திரும்பி வந்தது. ஒன்றைப் பிரமுவின் முன்னால் வைத்தது. தன் இலையைப் பிரிக்காமல், பிரமுவின் மீனைப் பிட்டு, ஒவ்வொரு முள்ளாகப் பார்த்து எடுத்து ஓரத்தில் வைத்தது. பிரமு கடலைப் பார்த்தபடி சாப்பிட்டது.

நீதி: கப்பல் சுற்றுலா போகிறவர்கள் எதையும் மறக்காமல் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் ஏறிவிட்டால், தாங்கள் ஏறவேண்டிய அவசியம் இருக்காது.